கொத்தமல்லி போட்ட பீர்: பெல்ஜியத்து வெள்ளை பீர் ஓர் அறிமுகம்

முதல்முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "இது கெட்டுப்போயிடுச்சா?" என்றுதான். கேட்பதில் தப்பில்லை. பீர் என்றால் பொன்னிறமாக, மறுபக்கம் தெரிகிற மாதிரி பளிச்சென்று இருக்கும் என்று பழகிய கண்ணுக்கு இது விநோதம்தான். அரிசி களைந்த தண்ணீரில் துளி மஞ்சள் கரைத்ததுபோல ஒரு நிறம். விரலைப் பின்னால் வைத்தால் தெரியாத அளவுக்குக் கலங்கல். மேலே அடித்த வெள்ளைக்கருபோலக் கெட்டியான வெண்ணுரை. மூக்கருகே கொண்டுபோனால் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறிய வாசனை வரும். அதற்கு அடியில் இன்னொரு வாசனை மெல்ல எழும். நமக்கு நன்றாகத் தெரிந்தது, ஆனால் பீரில் யாரும் எதிர்பார்க்காதது: கொத்தமல்லி விதை.

மல்லி அதில் நிஜமாகவே இருக்கிறது. ரசத்துக்குப் பொடிக்கிற அதே தனியா. பீரைக் காய்ச்சும்போது கடைசிச் சில நிமிடங்களில் இடித்துப் போடுகிறார்கள். உலர்ந்த கசப்பு ஆரஞ்சுத் தோலும் கூடவே போகிறது. பெல்ஜியத்தில் இந்த வகைக்கு டச்சு மொழியில் 'விட்பியர்' என்று பெயர். 'விட்' என்றால் வெள்ளை. அந்நாட்டில் பிரெஞ்சு பேசுகிற பகுதியில் 'பிளான்ஷ்' என்பார்கள், அதுவும் வெள்ளைதான். முளைகட்டாத கோதுமை மாவின் கலங்கலும் அடியில் தங்குகிற ஈஸ்ட்டும் சேர்ந்து கொடுக்கிற பால்போன்ற வெளிர் தோற்றத்தால் வந்த பெயர் இது. ஆங்கிலத்தில் கோதுமையைக் குறிக்கும் 'வீட்', வெள்ளையைக் குறிக்கும் 'வொய்ட்' ஆகிய இரண்டு சொற்களும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. மாவு வெள்ளையாக இருந்த தானியம் என்பதால் அந்தப் பெயர். ஆக 'கோதுமை பீர்', 'வெள்ளை பீர்' என்று எப்படிச் சொன்னாலும் சுற்றிச்சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறோம்.

இந்த பீரின் சுவை எதனால் இப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ள, முதலில் பீர் எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

குழந்தைக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சுகிற வீடுகளில் இதில் பாதி ஏற்கெனவே நடக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை எட்டிப்பார்த்ததும் காயவைத்து அரைப்பார்கள். அந்த மாவில் காய்ச்சிய கஞ்சி சாதாரணக் கேழ்வரகுக் கஞ்சியைவிட இளக்கமாகவும் இனிப்பாகவும் இருக்கும். முளைவிடும்போது தானியத்துக்குள் என்சைம்கள் பிறக்கின்றன. அவை மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகின்றன. குருத்து வளர்வதற்கு அந்தச் சர்க்கரைதான் உணவு. பீர் காய்ச்சுகிறவர் பார்லியை இதேபோல முளைகட்டிக் காயவைக்கிறார். அதுதான் மால்ட். மால்ட்டை உடைத்து ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால், மாவுச்சத்து சர்க்கரையாகி தண்ணீர் தித்திக்க ஆரம்பிக்கும். அந்த இனிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகிறது. ஹாப்ஸ் கசப்பைத் தருகிறது, சீக்கிரம் கெடாமலும் காக்கிறது. பீர் என்பது இவ்வளவுதான்.

சரி, இதில் கோதுமை எங்கே வருகிறது?

விட் வகையில் ஏறத்தாழ பாதிக்குப் பாதி கோதுமை. மீதி பார்லி மால்ட். சிலர் கொஞ்சம் ஓட்ஸும் சேர்ப்பார்கள். அந்தக் கோதுமையை முளைகட்டுவதில்லை என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். வயலிலிருந்து வந்த பச்சைக் கோதுமை அப்படியே போகிறது. அதில் மாவுச்சத்தை உடைக்கப் போதுமான என்சைம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் பார்லி மால்ட்டின் என்சைம்கள்தான் கோதுமையின் வேலையையும் சேர்த்துச் செய்துகொடுக்கின்றன. அரிசியையோ மக்காச்சோளத்தையோ இப்படிச் சேர்ப்பதானால் முதலில் தனியாக வேகவைத்தாக வேண்டும். கோதுமை மாவு குறைந்த சூட்டிலேயே இளகிவிடும் என்பதால், பார்லி ஊறுகிற அதே வெந்நீரில் அதையும் போட்டுவிடலாம்.

முளைகட்டாத கோதுமையில் புரதம் நிறைய. அந்தப் புரதம் கரைந்தும் கரையாமலும் பீரில் மிதக்கிறது. கலங்கலுக்குப் பெரும் காரணம் இதுதான். கூடவே கொஞ்சம் மாவுச்சத்தும் ஈஸ்ட்டும் மிதக்கின்றன. நுரை கலையாமல் நிற்பதற்கும் இதே புரதம்தான் காரணம். நாக்கில் ஒரு மென்மையை, மோரின் மேலாக வடித்ததுபோன்ற ஒரு வழுவழுப்பைத் தருவதும் அதுதான். ஓட்ஸ் சேர்த்தால் அந்த வழுவழுப்பு இன்னும் கூடும். சுவையில் கோதுமைக்கென்று ஒரு சாயல் உண்டு: வேகாத ரொட்டி மாவின் வாசனை, லேசான இனிப்பு, ஓரத்தில் துளிப் புளிப்பு.

ஆனால் காய்ச்சுகிறவருக்குக் கோதுமை ஒரு தலைவலி. பார்லிக்கு உமி ஒட்டிக்கொண்டிருக்கும். அடித்தாலும் போகாது. ஊறிய தானியத்திலிருந்து இனிப்பு நீரை வடிக்கும்போது அந்த உமிதான் அடியில் படுக்கையாகப் பரவி, வடிகட்டியாக நிற்கும். கோதுமைக்கு உமி கிடையாது, கதிரடிக்கும்போதே பிரிந்துவிடும். ஆகவே கோதுமை அதிகமானால் பானைக்குள் பசை கிண்டியதுபோல இறுகி, தண்ணீர் இறங்காமல் நின்றுவிடும். அமெரிக்காவில் சிறு ஆலைகளும் வீட்டில் காய்ச்சுகிறவர்களும் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நெல் உமியை வாங்கி ஒன்றிரண்டு பிடி கலந்துவிடுகிறார்கள். உமிக்கு ருசியும் கிடையாது, சத்தும் கிடையாது. ஆனால் தண்ணீருக்கு வழிவிடும். நம்மூரில் அடுப்புக்குப் போகிற சரக்கு, அங்கே மூட்டையில் கட்டி பீர்ச் சாமான் கடையில் விற்பனைக்கு இருக்கிறது.

மல்லியும் நாரத்தையும்

இப்போது மசாலாவுக்கு வருவோம். இந்த பீரை மற்ற பீர்களிலிருந்து பிரிக்கிற இடம் இதுதான்.

ஒரு பிடி தனியாவை உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வறுக்காத, பச்சைத் தனியா. குழம்பு வாசனை வராது. அது வறுத்தபின் வருவது. பச்சையாக நசுக்கினால் முதலில் எழுவது ஒரு பூ வாசனை, அப்புறம் எலுமிச்சைத் தோல், கடைசியில் லேசாக ஒரு மிளகுக் காரம். மல்லி எண்ணெயில் பெரும்பகுதி லினலூல் என்ற பொருள். லாவெண்டர் பூவிலும் இருப்பது அதுவே. விட் குடிக்கும்போது நாம் 'ஆரஞ்சு வாசனை' என்று சொல்வதில் கணிசமான பங்கு உண்மையில் மல்லியின் வேலைதான்.

அளவு ரொம்பக் குறைவு. வீட்டில் காய்ச்சுகிறவர்கள் 20 லிட்டர் பீருக்கு 15 முதல் 20 கிராம் மல்லிதான் போடுகிறார்கள். கொதி முடிவதற்கு ஐந்து, பத்து நிமிடம் முன்னால் மட்டுமே போடுவார்கள். வாசனை எண்ணெய் ஆவியில் ஓடிவிடும் என்பதால்தான் அவ்வளவு தாமதம். ரசத்தை நுரைகட்டியதும் இறக்குகிறோமே, அதே கணக்கு. கூடிப்போனால் பீர் முழுக்க ஊறுகாய் ஜாடி வாசனை அடிக்கும். பெருங்காயத்தைப்போல, இருப்பதே தெரியக்கூடாது, இல்லாவிட்டால் மட்டும் தெரிய வேண்டும்.

மல்லி நம்முடைய செடி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மத்தியதரைக் கடல் ஓரத்திலும் மேற்காசியாவிலும் மிகப் பழங்காலத்திலிருந்தே விளைவது. ஐரோப்பியச் சமையலிலும் மருந்திலும் அது எப்போதும் இருந்தது. ஆனால் விதையில் வித்தியாசம் உண்டு. ஐரோப்பிய மல்லி சின்னதாக உருண்டையாக இருக்கும், எண்ணெய் அதிகம். நம்மூரில் விளைவது பெரும்பாலும் பெரிசு, கொஞ்சம் நீள்வட்டம், எண்ணெய் குறைவு. ஆனால் வாசனை மென்மையாக, எலுமிச்சைப் பக்கம் சாய்ந்திருக்கும். இதனாலேயே அமெரிக்காவில் வீட்டில் விட் காய்ச்சுகிறவர்கள் பலர், சூப்பர் மார்க்கெட் மல்லியை விட்டுவிட்டு இந்திய மளிகைக் கடைக்குப் போய் அந்த நீள்வட்ட விதையைத் தேடி வாங்குகிறார்கள்.

ஆரஞ்சுத் தோலின் கதை இன்னும் தூரத்திலிருந்து வருகிறது. தென்னமெரிக்காவின் வடகரைக்கு எதிரே கரீபியன் கடலில் குரசாவ் என்று ஒரு வறண்ட தீவு. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் தங்கள் ஊர் செவில் ஆரஞ்சை அங்கே கொண்டுபோய் நட்டார்கள். அந்த மண்ணிலும் வெயிலிலும் பழம் சுருங்கி, பச்சையாக, வாயில் வைக்க முடியாத கசப்பாகிவிட்டது. ஆடுகூடத் தின்னாது என்று சொல்கிற அளவுக்குக் கசப்பு. மரங்கள் காட்டோடு காடாகப் போயின. ஆனால் பழத்தோலை வெயிலில் உலர்த்தினால் அருமையான வாசனை வருவது பிறகு தெரிந்தது. உள்ளூரில் அந்தப் பழத்துக்கு 'லராஹா' என்று பெயர். 1634இல் தீவு டச்சுக்காரர் கைக்கு வந்தது. அப்புறம் உலர்ந்த தோல் கப்பலேறி நெதர்லாந்துத் துறைமுகங்களுக்கு வர ஆரம்பித்தது. நீல நிறத்தில் பாட்டிலில் பார்த்திருப்பீர்களே, 'புளூ குரசாவ்' என்ற மதுபானம், அதற்கும் இந்தத் தோல்தான் மூலம். பெல்ஜியத்தில் பீர் காய்ச்சுகிறவர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள்.

கசப்பு ஆரஞ்சு என்றதும் எப்படி இருக்கும் என்று யோசிப்பவர்களுக்கு, நாரத்தங்காயை நினைத்துக்கொண்டால் போதும். அதன் தோலைக் கடித்தால் வருகிற அந்தக் கசப்பும் மணமும் சேர்ந்த உணர்வு ஏறக்குறைய இதேதான். இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'ஆரஞ்சு' என்ற சொல்லை மொழியியலாளர்கள் பின்னோக்கித் தேடிப் போகும்போது, ஸ்பானிய மொழியின் 'நரான்ஹா', அரபியின் 'நாரஞ்ச்', பாரசீகத்தின் 'நாரங்', சமஸ்கிருதத்தின் 'நாரங்க' என்று வந்து, அதற்கும் முன்னால் ஏதோ ஒரு திராவிட மொழிச் சொல்லாக இருக்கலாம் என்கிறார்கள். நம் நாரத்தை அந்தக் குடும்பத்தில் இருக்கிறது. கரீபியன் தீவின் பழத்தோல் பெல்ஜியத்துப் பானைக்குள் விழுந்தபோது, நம் பக்கத்திலிருந்து கிளம்பியிருக்கக்கூடிய ஒரு சொல்லும் கூடவே விழுந்தது என்று நினைத்துப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஜெர்மன் கோதுமை பீரும் இதுவும் ஒன்றா?

இல்லை. குழப்பம் இங்கேதான் அதிகம். ஜெர்மனியின் தெற்கே பவேரியாவிலும் கோதுமை பீர் உண்டு. 'வைஸ்பியர்' என்பார்கள். அதுவும் 'வெள்ளை' தான், அதுவும் கலங்கல்தான். ஆனால் அங்கே கோதுமையை முளைகட்டித்தான் போடுவார்கள், பாதிக்கும் குறையாமல். மசாலா எதுவும் போடக்கூடாது. பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேரக்கூடாது என்று 1516இல் பவேரியாவில் போட்ட சட்டத்தின் நிழல் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. அந்தச் சட்டத்திலிருந்து தப்பிக் கோதுமை பீர் காய்ச்ச, பிரபுக்களுக்குத் தனி உரிமை தேவைப்பட்டது.

பவேரிய பீரைக் குடித்தால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் போடவில்லை. ஈஸ்ட் நொதிக்கும்போது தானாக உண்டாக்குகிற மணம் அது. பெல்ஜியத்து விட்டில் உள்ள ஈஸ்ட்டும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அடக்கமானது. வாழைப்பழம் இருக்காது. கிராம்பும் மிளகும் கலந்த லேசான காரம் மட்டும் தொண்டையில் தெரியும். மல்லிக்கும் ஆரஞ்சுக்கும் இடம்விட்டு ஈஸ்ட் பின்னால் நின்றுகொள்கிறது.

பெல்ஜியத்தில் பவேரியச் சட்டம்போன்ற ஒரு கட்டுப்பாடு இருந்ததில்லை. ஹாப்ஸ் பரவுவதற்கு முன்னால் ஐரோப்பா முழுக்கவே பீரில் பலவகைத் தழைகளையும் மூலிகைகளையும் போட்டுக் காய்ச்சியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் அந்தப் பழக்கம் மங்கியபிறகும் பெல்ஜியத்தின் சிற்றூர்களில் அது தொடர்ந்தது. விட்டில் ஹாப்ஸ் இருக்கிறது, ஆனால் பெயருக்குத்தான். கசப்பை அளக்கும் ஐபியூ கணக்கில் இது 8 முதல் 20 வரை. இப்போது பிரபலமாக இருக்கிற கசப்பு பீர்கள் 40, 60 என்று போவதை வைத்துப் பார்த்தால் இதைக் கசப்பு என்றே சொல்ல முடியாது. ஆல்கஹால் பொதுவாக 4.5 முதல் 5.5 சதவீதம்.

ஓர் ஊர், ஒரு பால்காரர்

பிரஸ்ஸல்ஸுக்குக் கிழக்கே, லூவன் என்ற பல்கலைக்கழக நகரைத் தாண்டிப் போனால் ஹூகார்டன் என்ற சிற்றூர் வரும். சுற்றிலும் வளமான வண்டல் போன்ற மண். கோதுமை, பார்லி, ஓட்ஸ் எல்லாம் பக்கத்து வயல்களிலேயே விளையும். அந்த ஊர்ப் பெயர் தாங்கிய பீரின் லேபிளில் 1445 என்ற ஆண்டு அச்சாகியிருக்கும். ஊரில் பீர் காய்ச்சும் வழக்கம் அவ்வளவு பழையது என்று சொல்வதற்காக.

தானியம் மட்டும் காரணமில்லை. வரியும் காரணம். ஹூகார்டனைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் பிரபாண்ட் டியூக்கின் ஆட்சியில் இருந்தது. ஹூகார்டன் மட்டும் லியேஜ் நகரத்து ஆயரின் (பிஷப்) ஆட்சியில், ஒரு தீவுபோலத் தனியாக இருந்தது. எல்லையைத் தாண்டினால் பீர்மேல் கனமான வரி, எல்லைக்குள் வரி குறைவு. இது போதாதா? 18ஆம் நூற்றாண்டில் அந்தச் சின்ன ஊரில் முப்பதுக்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. தெருவுக்குத் தெரு ஆலை என்றே சொல்லலாம். 1795இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து அந்தப் பகுதியைத் தங்களோடு சேர்த்துக்கொண்டதும் பழைய சலுகைகள் போய்விட்டன. ஆனால் பீர் காய்ச்சும் வழக்கம் நிலைத்தது.

அந்தக் காலத்து வெள்ளை பீர் இன்றைக்குக் கிடைப்பதைவிடப் புளிப்பாக இருந்தது. தயிரைப் புளிக்கவைக்கிற அதே இனத்து பாக்டீரியா அதிலும் வேலை செய்தது. காய்ச்சிய சில நாட்களிலேயே, புதுசாக இருக்கும்போதே குடித்துத் தீர்த்துவிட வேண்டும். நாள் கடந்தால் புளித்துப் போகும். வயல்வேலை செய்துவிட்டு வருகிறவர்களின் வெயில்காலப் பானம் அது.

இந்தக் குறுகிய ஆயுள்தான் அதைப் பின்னாளில் கவிழ்த்தது. 19ஆம் நூற்றாண்டில், இன்றைய செக் நாட்டிலுள்ள பில்ஸன் நகரத்திலிருந்து தெளிந்த பொன்னிற லாகர் பீர் கிளம்பி ஐரோப்பாவையே பிடித்தது. ரயிலில் ஏற்றலாம், மாதக்கணக்கில் வைக்கலாம், கண்ணாடி டம்ளரில் பளபளக்கும். அதன் பக்கத்தில் கலங்கல் பீர் பழங்காலச் சரக்காகத் தெரிந்தது. முதல் உலகப் போரில் பெல்ஜியத்தைப் பிடித்த ஜெர்மன் படை, ஆலைகளின் செம்புக் கொப்பரைகளைப் போர்த் தளவாடங்களுக்காகப் பிடுங்கிக்கொண்டு போனது. சிறு ஆலைகள் பல மறுபடி எழவே இல்லை. ஹூகார்டனிலும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. டோம்சின் என்ற கடைசி ஆலையும் 1950களில் மூடியது. அத்தோடு ஊரின் வெள்ளை பீர் தீர்ந்தது.

தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

டோம்சின் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர் பியேர் செலிஸ். 1925இல் பிறந்தவர். தொழில் பால் வியாபாரம். சின்ன வயதில் பக்கத்து ஆலையில் கைவேலைக்குப் போய் உதவியிருக்கிறார். எது எப்போது போடுவது, எவ்வளவு நேரம் கொதிப்பது என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியது. ஆலை மூடிச் சில ஆண்டுகள் ஆனபிறகும் ஊர்க்காரர்கள் அந்த ருசியைப் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1966இல், நாற்பது வயதைத் தாண்டிய பால்காரர், தன் வீட்டு வைக்கோல் பரணில் பானை வைத்துக் காய்ச்ச ஆரம்பித்தார். தண்ணீர், கோதுமை, பார்லி மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், மல்லி, குரசாவ் ஆரஞ்சுத் தோல்.

ஒரு சுவை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையன் பானையை எட்டிப் பார்க்காமல் வளர்ந்திருந்தால், இந்த வகையே இன்றைக்கு ஏதாவது பழைய புத்தகத்தில் ஒரு பத்தியாக இருந்திருக்கும்.

ஊர்க்காரர்கள் வாங்கினார்கள். லூவன் மாணவர்கள் வாங்கினார்கள். பரண் போதவில்லை. பழைய குளிர்பான ஆலை ஒன்றை வாங்கி அங்கே மாற்றினார். 'டெ க்ளாய்ஸ்' என்று அதற்குப் பெயர், துறவி தங்கும் குடில் என்று பொருள். 1985இல் அந்த ஆலையில் பெரிய தீ. இன்சூரன்ஸ் பணம் போதுமான அளவுக்கு இல்லை. மற்ற பீர் காய்ச்சுகிறவர்கள் உதவிக்கு வந்தார்கள். அந்நாட்டின் பெரிய பீர் நிறுவனம் ஒன்றும் பணம் கொடுத்தது. அது பிற்பாடு இன்டர்புரூ ஆனது, இன்று உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனமான ஏபி இன்பெவ். ஆலை எழுந்தது. ஆனால் பணம் கொடுத்தவர்களோடு செலிஸுக்கு ஒத்துப்போகவில்லை. செய்முறையை மாற்றச்சொல்லி நெருக்கினார்கள் என்று அவர் பின்னாளில் சொன்னார். ஆலையை அவர்களிடமே விற்றுவிட்டார்.

அறுபதைத் தாண்டிய மனிதர் அத்தோடு ஓய்ந்திருக்கலாம். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகருக்குப் போய், 1992இல் 'செலிஸ்' என்ற பெயரிலேயே ஆலை திறந்தார். பழைய செய்முறைப்படி, அதே மல்லி, அதே தோல். அமெரிக்கர்கள் பலருக்கு மசாலா போட்ட கோதுமை பீர் அறிமுகமானது அங்கேதான். சில ஆண்டுகளில் அது மில்லர் என்ற பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய் மூடப்பட்டது. செலிஸ் பெல்ஜியத்துக்குத் திரும்பினார். 2011 ஏப்ரலில் காலமானார். மகள் கிறிஸ்டீன் 2017இல் ஆஸ்டினில் அந்தப் பெயரில் மறுபடியும் ஆலை தொடங்கினார்.

ஹூகார்டன் ஊரின் கதையில் இன்னும் ஒரு திருப்பம் உண்டு. 2005இல் நிறுவனம், ஊரிலுள்ள ஆலையை மூடிவிட்டு லியேஜ் அருகே இருக்கும் பெரிய ஆலைக்குத் தயாரிப்பை மாற்றப்போவதாக அறிவித்தது. ஊர் கொதித்தது. ஹூகார்டன் பீர் ஹூகார்டனில் காய்ச்சப்படாமல் வேறெங்கோ காய்ச்சப்படுவதா என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2007இல் நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. இன்றும் அங்கேதான் காய்ச்சுகிறார்கள்.

செலிஸ் மூட்டிய அடுப்பிலிருந்து தீ எடுத்துப்போனவர்கள் பலர். பெல்ஜியத்திலேயே வாட்டூ என்ற ஊரின் செயிண்ட் பெர்னார்டஸ் ஆலை, செலிஸோடு சேர்ந்தே தன் விட்டை உருவாக்கியது. என்னைக் கேட்டால், ஒருவர் இந்த வகையில் ஒன்றே ஒன்றுதான் குடிக்கப்போகிறார் என்றால் அதைத்தான் காட்டுவேன். மல்லி அதில் அளந்து வைத்ததுபோல இருக்கும். 'பிளான்ஷ் டி நமூர்' இன்னும் மென்மையானது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து அலகாஷ் ஆலை 1995இல் வெள்ளை பீரோடுதான் தொடங்கியது. அதே ஆண்டில் டென்வரில் கீத் வில்லா 'புளூ மூன்' பீரை உருவாக்கினார். அதில் இனிப்பு ஆரஞ்சுத் தோல் போடுவதால் சுவை சற்றே இனிப்புப் பக்கம் போகும். ஜப்பானிலும் கனடாவிலும்கூட நல்ல விட்கள் இருக்கின்றன. இந்தியாவில் 2015இல் வந்த 'பீரா 91' நிறுவனத்தின் 'வொய்ட்' இந்தச் சாயலில் அமைந்ததுதான். ஆரம்பத்தில் அதைப் பெல்ஜியத்திலேயே காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். நம்மில் பலருக்கு இந்தச் சுவை முதலில் அறிமுகமானது அதன்மூலமாகத்தான் இருக்கும்.

டம்ளரில் ஊற்றும்போது

விட் நாள்பட வைத்துக் குடிக்கிற பீர் இல்லை. பழம்போல. தோல் வாசனையும் மல்லி வாசனையும் மாதங்கள் போகப்போக மங்கிவிடும். பாட்டிலில் தயாரித்த தேதி இருந்தால் பார்த்து, புதுசாக இருப்பதை எடுங்கள். கோதுமையும் பார்லியும் இருப்பதால், குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடக்கூடாது.

ஹூகார்டனுக்கென்று ஆறு பட்டை வைத்த கனமான டம்ளர் உண்டு. கண்ணாடி தடிமனாக இருப்பதால் கைச்சூடு உள்ளே போகாது, பீர் கடைசிவரை குளிர்ச்சியாக இருக்கும். ஐஸ்போலக் குளிரவைக்க வேண்டும் என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அதிகம் குளிர்ந்தால் மூக்குக்கு எதுவும் எட்டாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஐந்து, பத்து நிமிடம் வெளியே வைத்தால் மல்லி எழுந்து வரும்.

பல கடைகளில் கேட்காமலே ஓர் எலுமிச்சைத் துண்டைச் செருகிக் கொடுத்துவிடுவார்கள். நல்ல விட்டுக்கு அது வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். எலுமிச்சைத் தோலின் எண்ணெய் பட்டதும் நுரை சரசரவென்று அடங்கிவிடும். காய்ச்சியவர் கிராம் கணக்கில் நிறுத்துப்போட்ட ஆரஞ்சும் மல்லியும் அந்த ஒரு துண்டின் கீழே அமுங்கிப்போகும்.

சாப்பாட்டோடு இது நன்றாகச் சேரும். பெல்ஜியத்தில் கடல்சிப்பியை இந்த பீரிலேயே வேகவைப்பார்கள். மீனும் இறாலும் பொருத்தம். காரமான உணவுக்கும் இது ஒத்துப்போகும். ஹாப்ஸின் கசப்பு அதிகமுள்ள பீரைக் காரத்தோடு குடித்தால் நாக்கெரிச்சல் கூடும். இதில் கசப்பு குறைவு, கோதுமையின் மென்மை காரத்தைத் தணிக்கும்.

ஊற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பாட்டில் பீரில் அடியில் ஈஸ்ட் தங்கியிருக்கும். அடைத்தபிறகும் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பதால் தங்குவது அது. டம்ளரைத் தண்ணீரில் அலசி, சாய்த்துப் பிடித்து, மூன்றில் இரண்டு பங்கை மெதுவாக ஊற்றி நிறுத்துங்கள். பாட்டிலை மேசைமேல் வைத்து, மோர்ச் செம்பைச் சுழற்றுவதுபோல இரண்டு சுற்று சுழற்றுங்கள். அடியில் இருந்த வண்டல் எழுந்து பால்போலக் கலங்கும். அந்த மீதியை நுரையின் நடுவில் விடுங்கள். மஞ்சளாக இருந்த டம்ளருக்குள் வெள்ளை இறங்கிப் பரவும். உடனே குடிக்காமல் நுரைமேல் மூக்கை வைத்துக் கொஞ்சம் காத்திருங்கள். முதலில் ஆரஞ்சு வரும். அது விலகியதும் மல்லி.